சட்டைப்பையைத் தடவும் ஆள்

ஜூன் 3, செவ்வாய்

என் பெயர் சவரியப்பன். இதை நானே எழுதினேன்.

ஜூன் 4, புதன்

தினமும் நாலு வரி எழுத வேண்டும் என்று புனிதா டீச்சர் சொல்லியிருக்கிறார். பொங்கல் முடிந்ததிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் மாலை வகுப்பு. வந்திருப்பவர்கள் எல்லாரும் பெரியவர்கள், எல்லாரும் மக்குகள். என் பக்கத்தில் உட்காரும் கறிக்கடைக்காரர் ‘ழ’ போடச் சொன்னால் கோழிக்காலைப் போடுகிறார். என் ‘ழ’ நன்றாக வருகிறது. ழ. ழ. ழ. பாருங்கள்.

ஜூன் 6, வெள்ளி

வீட்டில் ஜெபமாலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். மாதா மன்னிப்பாள். எனக்குப் படிக்கத் தெரியும் என்றுதான் என் மகள் அமலி பிறந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் படிக்க வேண்டியதை எல்லாம் என் மனைவி ஆரோக்கியம் படித்துவிடுவாள். கல்யாணப் பத்திரிகை, கரண்டு பில், மருந்துச் சீட்டு எல்லாம். போன டிசம்பரில் அவள் போய்விட்டாள். நான் திண்டுக்கல் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். மருந்துச் சீட்டை நானே படித்தாக வேண்டும். அதற்குத்தான் வகுப்பு. வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 9, திங்கள்

இந்த வீட்டில் எல்லாரும் விளையாடிப் பிழைக்கிறார்கள். சொன்னால் வெளியே சிரிப்பார்கள்.

மாப்பிள்ளை பிரிட்டோ பெரிய கம்பெனியில் வீடியோ கேம் செய்கிறார். செய்கிறார் என்றால் முழுதாக இல்லை. வெளிநாட்டில் நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து ஒரு கேம் செய்கிறார்கள், அதில் வரும் கல்லை மட்டும் இவர் செய்கிறார். பாறை, கூழாங்கல், உடைந்த மதில். மரம் செய்ய வேறு ஆள். புல்லுக்கு வேறு ஆள். இரண்டு வருஷமாகக் கல். இதற்கு இன்ஜினியரிங் படித்தாராம்.

அமலியும் முன்பு அதே கம்பெனியில்தான் இருந்தாள். வேலையை விட்டுவிட்டு, அவளும் இரண்டு வருஷமாகப் பின்னறையில் தனியாக உட்கார்ந்து தானே ஒரு கேம் செய்கிறாள். படம் அவளே, கதை அவளே, சத்தம்கூட அவளே. போனைத் தூக்கிக்கொண்டு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஹாரன் சத்தத்தைப் பிடித்து வருகிறாள். நம் தெருவில் இல்லாத ஹாரனா?

இன்று அரிசி புடைத்தேன். ‘ஞா’ கற்றுக்கொண்டேன். ஞாயிறு. ஞாபகம்.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் பிரிட்டோவுக்கு வீட்டில்தான் வேலை. அவர்கள் கம்பெனி கல் போட்ட கேம் எப்படி இருக்கிறது என்று டிவியில் போட்டுக் காட்டினார். கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தார்.

ஒரு ராஜகுமாரன். ஒரு குதிரை. ஒரு பெரிய ராஜ்ஜியம். குதிரையின் பிடரி மயிர் காற்றில் தனித்தனியாக ஆடுகிறது. அந்த மயிருக்கு மட்டும் ஒரு குழுவே இருக்கிறதாம். ராஜகுமாரனுக்கு எங்கே போவது என்று தெரியாது, அதனால் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் அம்புக்குறி வந்து வழி காட்டுகிறது. போனால் நாலு பேரை வெட்டலாம். வெட்டியதும் மறுபடி அம்புக்குறி. இவ்வளவு பெரிய நாட்டைச் செய்துவிட்டு, அதில் ஒருவனும் தானாக எங்கேயும் போகக்கூடாது என்று கயிறு கட்டி இழுக்கிறார்கள்.

எனக்கு இது புதிதில்லை. திண்டுக்கல் சுவர்களில் முப்பது வருஷம் சினிமா போஸ்டர் ஒட்டியவன் நான். சின்னப் படத்துக்கு ஒரு தாள், பெரிய படத்துக்கு ஆறு தாள். ஆறு தாளிலும் அதே மூஞ்சிதான், மீசை மட்டும் பெரிசு. கையில் போன படத்தில் அரிவாள், இந்தப் படத்தில் துப்பாக்கி. இவர்களும் அப்படித்தான் இத்தனை பேர் சேர்ந்து ஆறு தாளை ஆறாயிரம் தாளாக்கியிருக்கிறார்கள்.

“உங்க கல்லு எது மாப்ள?” என்று கேட்டேன். ஒரு பாலத்துக்கு அடியில் இருக்கிறது என்றார். அம்புக்குறி அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

அந்தக் குதிரையை இன்றும் பார்த்தேன். கேவலம்.

ஜூன் 14, சனி

இன்றும். மத்தியானம் சாப்பிட்டதிலிருந்து காபி நேரம் வரை. குதிரை ஆற்றைத் தாண்டுகிறது. ஒரு அர்த்தமும் இல்லை.

ஜூன் 18, புதன்

அமலி தன் கேமை எனக்கு விளையாடக் கொடுத்தாள். தெரியாதவர்கள் எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். பின்னால் நின்றுகொண்டாள். ஒன்றும் சொல்லித் தரக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம். நான் தடுமாறினாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

குதிரை இல்லை. ராஜகுமாரனும் இல்லை. கட்டம் போட்ட சட்டையில் ஒரு வயசான ஆள். கையில் தூக்குவாளி, அதில் கஞ்சி, மேலே ஆவி பறக்கிறது. ஆஸ்பத்திரி படம் ஒன்று வந்து மறைகிறது. கஞ்சி ஆறுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் கதை.

ஆள் நிற்பது ஒரு பஸ் ஸ்டாண்டில். எத்தனையோ பஸ்கள். எல்லாவற்றிலும் போர்டு இருக்கிறது, ஆனால் எழுத்தெல்லாம் அமலி இட்டுக்கட்டியது. உலகத்தில் யாராலும் படிக்க முடியாது. புழு நெளிகிற மாதிரி இருக்கிறது. எது ஆஸ்பத்திரி பஸ் என்று யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொத்தான் இரண்டு. பச்சைப் பொத்தானில் ஒரு சட்டைப்பை படம். அதை அழுத்தினால் ஆள் சட்டைப்பையைத் தடவுகிறான், உதட்டைப் பிதுக்குகிறான், கண்ணைச் சுருக்கிப் போர்டைக் காட்டுகிறான். கண்ணாடியை மறந்துவிட்டு வந்த மாதிரி. பக்கத்தில் நிற்பவர் விரலை நீட்டி ஒரு பஸ்ஸைக் காட்டுவார். ஒருவரை ஒரு தடவைதான் கேட்கலாம். இரண்டாம் தடவை கேட்டால் அவர் விரலை நீட்டாமல் ஆளைப் பார்ப்பார். அந்தப் பார்வையை மட்டும் நன்றாக வரைந்திருக்கிறாள். எங்கே பார்த்தாளோ.

சிவப்புப் பொத்தானில் விரித்த இரண்டு கைகள். அதை நான் அழுத்தவில்லை. அமலியும் அழுத்தச் சொல்லவில்லை.

நாலு தடவை தப்பான பஸ். நாலு தடவையும் கஞ்சி ஆறிவிட்டது. ஒரு ஆள் பஸ் ஏறுவதற்கு இவ்வளவு பாடு. யார் காசு கொடுத்து இதை வாங்குவார்கள் என்று கேட்டேன். “தெரியலப்பா” என்றாள்.

ஜூன் 19, வியாழன்

அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒரு முட்டாள். சட்டைப்பையைத் தடவும்போது மேலோட்டமாகத் தடவுகிறான். உள்ளே இரண்டு விரல் விட்டுத் தேடினால்தான் எதிரே இருப்பவர் நம்புவார்.

ஜூன் 27, வெள்ளி

மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்கியிருப்பது ‘இரவு’ என்று இன்றுதான் படித்தேன். அது இரவு மாத்திரை. இத்தனை நாள் காலையில் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் காலையில் அப்படித் தூக்கம் வந்தது. ஜெபமாலையில் தூங்குகிறேன் என்று அமலி நினைத்திருப்பாள்.

ஜூலை 2, புதன்

பிரிட்டோ கம்பெனியிலிருந்து ஆதர்ஷ் என்று ஒருவர் வந்தார். சின்ன வயசு, பெரிய பதவி. என்னை அங்கிள் என்றார். அவருக்கு நான் எந்த வழியில் அங்கிள்?

அமலியின் கேமைக் கம்பெனியே வாங்கிக்கொள்கிறதாம். அவளுக்குப் பணமும் திரும்ப வேலையும் தருவார்களாம். ஆனால் சில திருத்தங்கள் வேண்டுமாம். ஒன்று, அம்புக்குறி. இரண்டு, கிழவன் வேண்டாம், பைக் வைத்திருக்கும் பையன் வேண்டும். மூன்று, போர்டு எழுத்து யாருக்கும் புரியாமல் இருக்கக்கூடாது. காசு கட்டினால் புரிய வேண்டும்.

கஞ்சி இருக்கட்டுமா என்று அமலி கேட்டாள். வெடிகுண்டு என்றால் இன்னும் விறுவிறுப்பாக இருக்கும் என்றார் ஆதர்ஷ்.

அந்த ஆள் பொல்லாதவர் இல்லை என்பதையும் எழுத வேண்டும். தட்டில் வைத்த முறுக்கைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை அவரே கழுவினார். “அமலி, ஐடியா செம. ஆனா பத்து நிமிஷத்துல எல்லாரும் விட்டுட்டுப் போயிருவாங்க” என்றார். அதுவும் உண்மைதான். நானே குதிரைக்குத் திரும்பிப் போனவன். அதாவது, பார்ப்பதற்கு.

ஆனால் பஸ் எது என்று கண்டுபிடிப்பதுதான் அந்தக் கேம். அதில் அம்புக்குறி போட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? சோற்றை மென்று ஊட்டிவிடுகிற மாதிரி. எழுதும்போதே வாய் கசக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து நானும் பிரிட்டோவும் கோழி வாங்கப் போனோம். அமலி விற்கச் சம்மதித்துவிட்டாள் என்றார். பத்தொன்பதாம் தேதி கையெழுத்து.

எனக்குக் கோபம் வந்தது. கல் செய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டால் புத்தியும் கல்லாகிவிடுமோ என்று நடுரோட்டிலேயே கேட்டுவிட்டேன். பிரிட்டோ என் கையைப் பிடித்து ரோட்டோரமாகக் கூட்டிப் போனார். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் சொன்னார்.

“பணத்துக்காக இல்லீங்க மாமா. அவ அப்படியே வெளியிடத்தான் ஆசைப்பட்டா. ஆனா பாக்கறவங்க அந்த ஆளு யாருன்னு கேப்பாங்களே. கம்பெனிக்குக் குடுத்துட்டா ஆளை மாத்தீருவாங்க. யாருக்கும் அடையாளம் தெரியாது.”

எந்த ஆளை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கோழி நல்ல இளங்கோழி.

ஜூலை 7, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் போகவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

குதிரையை எடுத்துக்கொண்டு அம்புக்குறி காட்டாத பக்கமாகப் போனேன். அது திரும்பு திரும்பு என்று மினுக்கிக்கொண்டே இருந்தது. பாலத்துக்கு அடியில் இறங்கினேன். ஒரு பாறை. தண்ணீர் படுகிற பக்கம் மட்டும் பாசி, மேலே யாரோ துணி துவைத்துத் துவைத்து வழவழப்பான இடம். இந்த ராஜ்ஜியத்தில் துணி துவைக்கிறவர் ஒருவர்கூட இல்லை. யாரும் சொல்லாமல் பிரிட்டோ தானாகச் செய்து வைத்திருக்கிறார். அந்தக் குப்பைக்குள் அது ஒன்றுதான் மனுஷன் செய்தது. குதிரையை அங்கேயே நிறுத்திவிட்டு டிவியை அணைத்தேன்.

மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. தலையில் ஏறிவிடும்.

ஜூலை 12, சனி

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகப் போனேன். எங்கேயும் போவதற்கில்லை. படிப்பதற்கு.

உக்கடம். சிங்காநல்லூர். துடியலூர். வடவள்ளி. மருதமலை. நான் முணுமுணுக்க முணுமுணுக்கப் பஸ்கள் வரிசையாக வந்தன, என்னிடம் பெயர் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி. முன்பெல்லாம் திண்டுக்கல்லில் டிரைவர் மூஞ்சியையும் கண்ணாடியில் தொங்குகிற எலுமிச்சம்பழத்தையும் பார்த்து ஏறுவேன். டிரைவர் லீவு போட்டால் என் பாடு திண்டாட்டம். இன்று ஒரு டிரைவரையும் நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவர்கள் தேவையில்லை எனக்கு.

அப்போது ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். கையில் பெரிய பை. “ஏனுங்க, இது பேரூர் போகுங்களா? கண்ணாடிய ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டனுங்க” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்கிறார். பையைத் துழாவக்கூட இல்லை, கண்ணைச் சுருக்கவும் இல்லை, சும்மா வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட தடமே இல்லை. அரைகுறை வேலை. அந்த அம்மாவைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் போலிருக்கிறது. அவர் முகம் சுருங்கியது.

நான் எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். அமலி வரைந்திருக்கிறாள்.

பையை வாங்கிக்கொண்டு பேரூர் பஸ் வரை கூடவே போனேன். ஏற்றிவிட்டேன். எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல நினைத்தேன். பஸ்ஸை எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 14, திங்கள்

வகுப்புக்குப் போனேன். கறிக்கடைக்காரர் ‘ழ’வை ஒழுங்காகப் போட்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜூலை 19, சனி

இன்று கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். கை வலிக்கும். பரவாயில்லை.

ஆதர்ஷ் சாயங்காலம் வந்தார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். கையெழுத்துக்கு முன்னால் புது வடிவத்தைக் கையகலப் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டரில் காட்டினார். பைக்கில் ஒரு பையன், முடியில் சாயம். தலைக்கு மேல் மஞ்சள் அம்புக்குறி. குதிரைக்காரனுக்குப் போட்ட அதே அம்புக்குறி, அதைக்கூடப் புதிதாகச் செய்யவில்லை. அமலி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பிடிக்காததைச் சாப்பிடும்போதும் அப்படித்தான் தலையாட்டுவாள், சின்ன வயசிலிருந்தே.

ஆரம்பத்தில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் வருகிறது. ஆதர்ஷ் அந்தக் கையகலப் பலகையை என் பக்கம் நகர்த்தி, “அங்கிள், இந்த ஓப்பனிங் லைனை நீங்க படிங்க. உங்க ஏஜ் குரூப்புக்கு எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்றார்.

பார்த்தேன். முதல் வார்த்தை எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. இரண்டு விரல் உள்ளே போய்த் தேடின. உதடு பிதுங்கியது. கண்ணாடியை, என்று ஆரம்பித்தேன்.

நான் முடிக்கும் முன் அமலி முந்திக்கொண்டாள். “அப்பா கண்ணாடிய ரூம்லயே வச்சுட்டு வந்துட்டாரு. குடுங்க, நான் படிக்கிறேன்.”

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அவள் அம்மா சொல்கிற அதே குரல், அதே வேகம். பழகிய கை பந்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆறாம் தேதி பிரிட்டோ சொன்னபோது விளங்கவில்லை என்று எழுத முடியாது. ஆனால் இப்போது விளங்கியது.

அதற்குள் ஆதர்ஷ் எழுந்துவிட்டார். நல்ல பிள்ளை. “நீங்க உக்காருங்க அங்கிள், நான் எடுத்துட்டு வரேன். எந்த ரூம்?”

அமலியும் எழுந்தாள். பிரிட்டோவும் எழுந்தார். இல்லாத கண்ணாடியை எடுக்க மூன்று பேர்.

“உக்காருங்க தம்பி,” என்றேன். “எங்கிட்ட கண்ணாடியே கெடையாது. என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாது. இம்புட்டு வருசமாத் தெரியாது. இப்பக் கொஞ்ச நாளாத்தான் தெரியும்.”

குக்கர் விசில் அடித்தது. அமலி போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நான் பலகையை என் பக்கம் இழுத்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“வழி தெரியாத வீரனுக்கு வானமே வழிகாட்டி.”

படித்து முடித்தேன். எனக்கு ஏக சந்தோஷம். முழுசாகப் படித்த சந்தோஷம். அப்புறம்தான் அதன் அர்த்தம் மண்டைக்குள் இறங்கியது.

“பஸ் ஸ்டாண்டுல எவன் தம்பி வானத்தப் பாப்பான்?” என்று கேட்டேன். “நான் படிச்ச முதல் பெரிய வரி இது. இதுக்கா இத்தன கஷ்டப்பட்டேன்?”

பிரிட்டோ சிரித்துவிட்டார். முதலாளிக்கு முன்னால் சிரிக்கக்கூடாது. ஆனாலும் சிரித்தார்.

அமலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாலாங்கிளாஸ்ல ரேங்க் கார்டு கொண்டாந்தேன். கண்ணாடியக் காணோம்னீங்க. நான் வீடு பூராத் தேடினேன்ப்பா. பீரோவுக்கு அடியிலகூடப் படுத்துப் பாத்தேன். அம்மாதான் தூக்கி உக்கார வச்சு, இனிமே தேடாதேடின்னா.”

“கெடச்சுதா?” என்றேன்.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று எழுத எனக்கு இன்னும் வார்த்தை போதவில்லை.

“அந்த ஆளு கட்டம் போட்ட சட்டையோடயே இருக்கட்டும்,” என்றேன். “யாராச்சும் யாருன்னு கேட்டா எங்கப்பான்னு சொல்லு. பையை மட்டும் சரியாத் தடவச் சொல்லு. ரெண்டு விரல உள்ள விடணும்.”

அமலி கையெழுத்துப் போடவில்லை. ஆதர்ஷிடம் மன்னிப்புக் கேட்டாள். ஒரு பயலும் வாங்க மாட்டான் என்று அவர் வருத்தமாகத்தான் சொன்னார், மிரட்டலாக இல்லை. போகும்போது வாசலில் நின்று, அந்தச் சிவப்புப் பொத்தான் எதற்கு என்று அவளிடம் கேட்டார். கேமை வாங்க வந்தவர், அதை மாற்றச் சொன்னவர், அந்தப் பொத்தானை ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்கவில்லை.

நானும் அழுத்தவில்லை. அது வேறு விஷயம்.

ஜூலை 21, திங்கள்

மாலையில் ஜெபமாலைக்குப் போய்வாங்க என்று அமலி என் கையில் பென்சிலைச் சீவிக் கொடுத்தாள். அதுவும் தெரிந்திருக்கிறது அவளுக்கு.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். அமலி கேமை வெளியிட்டாள். கூட்டம் ஒன்றும் அலைமோதவில்லை. குதிரைக்கு ஒரு மணி நேரத்தில் வருகிறவர்கள் இதற்கு ஒரு வருஷத்தில் வரமாட்டார்கள். ஆதர்ஷ் சொன்ன மாதிரியே பாதிப் பேர் பத்து நிமிஷத்தில் ஓடிவிட்டார்கள். ஓடட்டும். ஓடுகிறவர்களுக்குத்தான் குதிரை இருக்கிறதே.

மிச்சப் பேர் மணிக்கணக்கில் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்கிறார்களாம். “சிவப்ப யாருமே அழுத்தறதில்லீங்க மாமா. அது எதுக்குன்னு படத்தைப் பாத்தாலே தெரியுது. ஆனாலும் அழுத்தமாட்டேங்கறாங்க” என்றார் பிரிட்டோ.

சாயங்காலம் நான் விளையாட உட்கார்ந்தேன். அமலி வழக்கம்போல் பின்னால் நின்றாள். வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை.

ஆள் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தான். கையில் தூக்குவாளி. ஆவி பறந்தது. போர்டில் எல்லாம் புழு. பக்கத்தில் வெங்காயக் கூடையோடு ஒரு அம்மா. நான் சிவப்பை அழுத்தினேன்.

ஆள் சட்டைப்பையைத் தொடவில்லை. போர்டைக் காட்டினான், இரண்டு கையையும் விரித்தான். தெரியாது என்று. அவ்வளவுதான்.

அந்த அம்மா அவனைப் பார்க்கவில்லை. அதாவது அந்தப் பார்வை பார்க்கவில்லை. கூடையைக் கீழே வைத்தார். அவன் கையைப் பிடித்தார். ஒரு பஸ், இரண்டு பஸ், மூன்று பஸ் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய் நாலாவது பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரி வந்தது. தூக்குவாளியைத் திறந்தான். கஞ்சியில் ஆவி அப்படியே இருந்தது. கேம் முடிந்துவிட்டது.

“இம்புட்டுத்தானா?” என்று கேட்டேன். “இதுக்கா ரெண்டு வருசம்?”

“இம்புட்டுத்தான்ப்பா” என்றாள்.

கஞ்சி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதையும் ஒரு கேம் என்று செய்து வைத்திருக்கிறாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடியும் சிவப்பையே அழுத்தினேன்.